கீரை சாப்பிட்டால் அஃப்ளாடாக்சின் பாதிப்பு குறையுமா?

பசுமைவிரும்பி: பூசணம் பிடித்த வேர்க்கடலை, மக்காச்சோளத்தில் வரும் அஃப்ளாடாக்சின் கல்லீரல் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று பயமுறுத்துகிறார்கள். பச்சையம் அதைத் தடுக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. சீனாவின் சிடோங்கில் 180 பேரை வைத்து ஆய்வு நடந்தது. ஒரு பாதிக்குக் குளோரோஃபிலின் மாத்திரை, வேளைக்கு 100 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, நான்கு மாதம். மறு பாதிக்குப் போலி மாத்திரை. மாத்திரை சாப்பிட்டவர்கள் சிறுநீரில் டிஎன்ஏ சேதத்தின் அடையாளம் 55 சதவீதம் குறைவு. 2001-லேயே வெளியாகிவிட்டது. தினமும் கீரை சாப்பிட்டால் போதும்.

லேப்வாசி: ஆய்வு நல்ல ஆய்வுதான் சார், நீங்கள் எடுக்கும் முடிவுதான் தப்பு. குளோரோஃபிலின் கீரையில் இருப்பது இல்லை. பச்சையத்தில் மெக்னீசியத்தை எடுத்துவிட்டுத் தாமிரம் சேர்த்து, தண்ணீரில் கரையும்படி செய்த பொருள். குடலிலேயே நச்சைப் பிடித்துவைத்துக்கொள்கிறது என்பதுதான் விளக்கம். தப்பி ரத்தத்தில் ஏறுவதைக் கல்லீரல் நொதிகள் எபாக்சைடு என்ற, எளிதில் ஒட்டிக்கொள்ளும் பொருளாக மாற்ற, அது டிஎன்ஏவின் ஒரு பகுதியான குவானினில் ஒட்டுகிறது. அப்படி ஒட்டியது கழன்று சிறுநீரில் வருவதை அளந்தார்கள். எத்தனை பேருக்குப் புற்றுநோய் வந்தது என்று பார்க்கவில்லை.

பசுமைவிரும்பி: புற்றுநோய் வரப் பல வருஷம் ஆகும், அதுவரை காத்திருக்கவா முடியும்? சேதம் குறைந்தால் நோயும் குறையத்தானே வேண்டும்?

லேப்வாசி: கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற நிறமியையும் இப்படித்தான் நம்பினார்கள். காய்கறி, பழம் நிறைய சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பார்த்துவிட்டு, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து அதன் மாத்திரையைச் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தது: மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். கீரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். அதைச் சாக்காக வைத்துச் சொத்தைக் கடலையைத் தின்னாதீர்கள்.

செக்குக்காரர்: நான் எண்ணெய் ஆட்டுகிறவன். காய் நன்றாகக் காயாமல் மூட்டை கட்டினால் பூசணம் பிடித்துவிடும். சுருங்கியது, நிறம் மாறியது, முளைவிட்டது எல்லாவற்றையும் கையால் பொறுக்கித்தான் தள்ள வேண்டும். வறுத்தாலும் நச்சு முழுசாகப் போகாது. ஆட்டினால் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கும், அதை மாட்டுக்கு வைத்தால் பாலில் வரும். பொறுக்கித் தள்ளிய கடலையையும் மலிவாகக் கேட்டு ஆள் வருகிறது. முதலில் அதைப் பேசுங்கள்.

பசுமைவிரும்பி: அண்ணே, கடையில் கடலைமிட்டாய் வாங்கித் தின்னும் பிள்ளை எதைப் பொறுக்கும்?

லேப்வாசி: அந்தப் பிள்ளைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாச்சா என்று பாருங்கள். அந்த வைரஸும் இந்த நச்சும் சேர்ந்தால் கல்லீரலுக்கு ஆபத்து பல மடங்கு. சிடோங்கிலேயே மக்கள் மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறிய பிறகுதான் கல்லீரல் புற்றுநோய் இறங்கியது.

பசுமைவிரும்பி: மாற வழியில்லாதவர்கள்? கென்யாவில் மக்காச்சோளம்தான் அன்றாடச் சாப்பாடு. 2004-ல் பூசணம் பிடித்ததைச் சாப்பிட்டு 125 பேர் செத்தார்கள். அவர்களுக்காகவாவது இந்த ஆராய்ச்சி நடக்க வேண்டும்.

லேப்வாசி: நடக்கட்டும், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த 125 பேர் செத்ததற்கு முக்கியக் காரணம் ஈரம் காயாத மக்காச்சோளத்தைச் சேமித்ததுதான். அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது காயவைக்க இடமும் நல்ல குதிரும்தான்.