இறக்கை ஓரத்தில் சந்து: அடைக்கப் புட்டி போதுமா?

கேள்வி
1/72 அளவில் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் செய்கிறேன். காக்பிட் (விமானி அறை) அருமையாக வந்தது, உடலை மூடி ஒட்டியாயிற்று. இப்போது இறக்கையை வைத்துப் பார்த்தால் உடலோடு சேரும் இடது பக்க மேல் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் சந்து. வலது பக்கம் கச்சிதம். இன்னும் ஒட்டவில்லை. புட்டியை அப்பிவிடலாமா?

பதில் 1
அவசரப்படாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் இடிக்கிறது என்றால் உள்ளே ஏதோ தடுக்கிறது. ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டிய இடத்தில் குட்டி மொட்டு மிச்சமிருக்கும். நகத்தால் தடவினாலே தெரியும். காக்பிட் தரை இறக்கையில் முட்டுகிறதா என்றும் பாருங்கள். இறக்கை நுனிகளை மேலே இழுத்து டேப் ஒட்டினாலும் சந்து மூடும், ஆனால் இறக்கையின் சாய்வு கெட்டுவிடும். முன்னாலிருந்து பார்த்து இரு பக்கமும் சமமா என்று சரிபாருங்கள்.

பதில் 2
ஒரு மில்லிமீட்டருக்குப் புட்டி வேண்டாம். காய்ந்ததும் சுருங்கி, பெயிண்ட் அடித்த பிறகு பள்ளமாகக் காட்டும். நான் அப்படி ஒன்றைக் கெடுத்து, மூன்று முறை தேய்த்ததில் பக்கத்தில் தகடுகளின் இணைப்பைக் காட்டும் பேனல் கோடெல்லாம் போயிற்று. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சந்துக்குள் செருகி, திரவப் பசை விட்டு, மறுநாள் சீவுங்கள். மிச்ச மயிரிழைக்குத்தான் புட்டி. சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்
மொட்டேதான்! பிளேடால் சீவியதும் பாதிச் சந்து காணோம். மீதிக்குத் தகடு செருகியிருக்கிறேன், காய்கிறது. தொடாமல் இருப்பதுதான் கஷ்டம்.