புதிய பருவம் தொடங்கும் முன் பழைய பாடத்தை மீண்டும் படிக்க வேண்டுமா?

கேள்வி:
நாளை மறுநாள் நான்காம் பருவம் தொடங்குகிறது. கடந்த பருவத் தேர்வுகளை முந்தைய இரவுகளில் விழித்திருந்து படித்தே எழுதியதால், மதிப்பெண் இருக்கிறது. பாடம் நினைவில் இல்லை. இப்போது வகைக்கெழுச் சமன்பாடுகள் வருகின்றன. நுண்கணிதம் முழுவதையும் மீண்டும் படிக்க வேண்டுமா?

மறுமொழி 1:
முழுவதும் வேண்டாம். பகுதித் தொகையிடலும் (இரு சார்புகளின் பெருக்கலைத் தொகையிடும் முறை) பகுதிப் பின்னங்களும் (ஒரு பின்னக் கோவையை எளிய பின்னங்களின் கூட்டலாகப் பிரிப்பது) கைவந்தால் தொடக்க வாரங்களைச் சமாளிக்கலாம்.

மறுமொழி 2:
பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம்மையே சோதித்த ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வின்படி, மறதி முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது. ஆனால், மறந்துபோனதாகத் தோன்றுவதை மறுபடி கற்க முதல்முறையைவிடக் குறைந்த நேரமே ஆகிறது. ஆகவே அஞ்ச வேண்டாம். குறிப்பேட்டை வாசிப்பதைவிட, அதை மூடிவைத்துவிட்டு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பதும், இரண்டு நாள் கழித்து அதையே மீண்டும் போடுவதும் நினைவில் நிற்கும். (நான் இதைக் கடைசிப் பருவத்தில்தான் உணர்ந்தேன்.)

கேள்வி கேட்டவர்:
நன்றி. இன்று ஐந்து கணக்குகள் போட்டேன், மூன்று தவறு. தவறியவை அனைத்தும் பகுதிப் பின்னங்களில்தான்.