பிடிஎஃப் திருட்டு, படத் திருட்டு, பாட்டுத் திருட்டு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தொடர்கதைக்காரி:
இணையத்தில் நாம் எழுதும் தொடர்கதை முடிந்த கையோடு பிடிஎஃப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு உறுத்துவது வேறு. ஒரு வாசகி உள்பெட்டிக்கு வந்து, "அக்கா, உங்க கதை பிடிஎஃப்ல கடைசி அத்தியாயம் மட்டும் இல்ல, நீங்க அனுப்ப முடியுமா?" என்று கேட்டார். நான் சரிபார்க்க வசதியாகக் கோப்பையும் இணைத்திருந்தார்! திறந்தால் முதல் பக்கத்தில் தொகுத்தவர் பெயர் கொட்டை எழுத்தில், என் பெயர் பொடி எழுத்தில். அத்தியாயம்தோறும் அடியில் நான் போடும் 'அனுமதியின்றிப் பகிரக் கூடாது' வரியைக்கூட விடாமல் நகலெடுத்து, அதன் மேலேயே அவர்கள் வாட்டர்மார்க். அந்தப் பெண் மேல் கோபமே வரவில்லை, அவ்வளவு அன்பாகக் கேட்டிருந்தார். பதில்தான் இன்னும் போடவில்லை.

தூரிகை:
வரைந்த படத்தில் கையெழுத்தை ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள், நடுவில் போடு என்றார்கள். போட்டேன். திருடியவன் ஏஐ அழிப்பானில் துடைத்துவிட்டு, கையெழுத்து இருந்த இடத்தில் போர்வை மடிப்பை நிரப்பியிருந்தான். என் மடிப்பைவிட நன்றாக வந்திருந்தது, அதுதான் எரிச்சல்.

இரவுவாசகன்:
எல்லோரும் திட்டலாம், ஆனால் நான் பாதி எழுத்தாளர்களைத் தெரிந்துகொண்டதே இப்படிச் சுற்றிய கோப்புகளில்தான். இலவசமாகப் போட்ட கதைதானே, யாருக்கு என்ன நஷ்டம்?

தொடர்கதைக்காரி:
@இரவுவாசகன் இலவசமாகப் படிக்கக் கொடுத்தேன், எடுத்துக்கொண்டு போகச் சொல்லவில்லை. என் பக்கத்தில் படித்தால் எத்தனை பேர் வந்தார்கள் என்றாவது தெரியும், தப்பு இருந்தால் திருத்துவேன். அந்தக் கோப்பில் நான் எப்போதோ மாற்றிவிட்ட பழைய முடிவுக்கான முன்குறிப்புகள் அப்படியே கிடக்கின்றன. அதைப் படித்துவிட்டு, கதை ஒட்டவில்லை என்று விமர்சனம் வேறு.

மெட்டு:
நம் பொருளுக்கு நம்மையே திருடன் ஆக்குவதும் உண்டு. என் இசைத் துணுக்கை ஒருவன் பாடல்களைத் தளங்களுக்குக் கொண்டுபோகும் விநியோக நிறுவனம் வழியாகத் தன் பெயரில் ஏற்றிவிட்டான். அப்புறம் என் காணொளிக்கே தானியங்கி உரிமைகோரல் வந்தது, விளம்பர வருமானம் அவனுக்கு. முறையிடும் படிவத்தில் 'இந்த இசையைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி உள்ளதா?' என்று ஒரு கேள்வி. யாரிடம் வாங்குவது, கண்ணாடியிடமா?

பழையபேனா:
என் கட்டுரையையும் எடுத்தார்கள், நோட்டீஸ் விட்டேன், போய்விட்டது. அதை விடுங்கள். நீங்கள் யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1886இன் பெர்ன் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளில் பதிவு செய்யாமலே உரிமை உங்களுடையது, அந்தப் பயம் வேண்டாம். அமெரிக்கத் தளம் என்றால் 1998இன் டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டம், 512ஆம் பிரிவு. நகலை நீக்கச் சொல்லி நோட்டீஸ் விடுவது அதன்படிதான். 'என் கதையைத் திருடிவிட்டார்கள்' என்று பொதுவாகப் புலம்பினால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். மூலப் படைப்பு எது, நகல் இருக்கும் பக்கத்தின் சரியான முகவரி எது, உங்கள் தொடர்பு விவரம், கையெழுத்து எல்லாம் வேண்டும். தளத்துக்காரர் அசையவில்லை என்றால் அந்தத் தளத்தைத் தாங்கும் சர்வர் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். எதிராளி மறுப்பு நோட்டீஸ் கொடுத்தால், நீங்கள் வழக்குப் போடாத பட்சத்தில் 10 முதல் 14 வேலை நாட்களில் திரும்ப ஏற்றிவிடுவார்கள், அதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். தூரிகை, அடுக்குகள் உள்ள மூலக் கோப்பை எங்கும் பகிராதீர்கள், சாட்சி அதுதான். முக்கியமாக, திட்டுவதற்காகக்கூடத் திருட்டு இணைப்பை இங்கே ஒட்டாதீர்கள். அவனுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது நீங்களாகிவிடும்.

தொடர்கதைக்காரி:
@பழையபேனா சரி, தொடர்பு விவரம் என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. நான் புனைபெயரில் எழுதுகிறேன், வீட்டிலேயே பலருக்குத் தெரியாது. நோட்டீஸை எதிராளிக்கு அப்படியே அனுப்பிவிடும் தளங்கள் உண்டு. கூகுளுக்கு அனுப்பினால் நகல் லூமென் என்ற பொதுத் தரவுத்தளத்துக்குப் போகும், முகவரியை மறைத்தாலும் பெயர் நிற்கும். திருடியவன் முகமூடியோடு இருக்க, நான் அடையாள அட்டையை நீட்ட வேண்டுமா?

பழையபேனா:
உரிமையாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றில்லை. நீங்கள் அதிகாரம் கொடுத்த ஒருவர் உங்கள் சார்பில் அவர் பெயரில் அனுப்பலாம். வக்கீலோ, நம்பிக்கையான தோழியோ.

இரவுவாசகன்:
அந்தக் கடைசி அத்தியாயம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? நானும் அது இல்லாத கோப்பைத்தான் படித்திருக்கிறேன் போல.