பொருள்: கைவசக் குளோரின், கட்டுண்ட குளோரின், கட்டறுப்பு – மூன்று சொற்கள் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

வீட்டு வெந்நீர்க் குளியல் தொட்டியின் பராமரிப்புக் கையேட்டுக்காக, ஆங்கிலத்தில் "free chlorine" எனப்படும், கிருமியை எதிர்க்க நீரில் இருக்கும் குளோரினுக்கு இங்கு முன்வைக்கப்பட்ட "கட்டிலாக் குளோரின்" என்ற சொல்லை நானும் முதலில் ஆதரித்தேன். "கிப்ஸ் கட்டிலா ஆற்றல்" என்று வேதியியலில் படித்தவர்களுக்கு அது பழகிய ஆட்சி; "இலவசக் குளோரின்" என்னும் பிழையான பெயர்ப்பைவிடப் பன்மடங்கு மேலானது. ஆயினும், கையேட்டின் சோதனைப் பகுதியை எழுதத் தொடங்கியபின் என் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

நீரில் இட்ட குளோரின் தனித்து நிற்பதில்லை. அது ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் ஹைப்போகுளோரைட் அயனியாகவும் மாறுகிறது, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.5 அளவில் இவ்விரண்டும் ஏறத்தாழச் சமபங்கில் இருக்கும். வீடுகளில் பெரிதும் பயன்படும் டைகுளோர் என்னும் குளோரின் தூளை இட்டால், அதிலுள்ள சயனூரிக் அமிலம் குளோரினின் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக விடுவிக்கிறது. நீர் மாதிரியில் இட்டு நிறத்தைப் பார்க்கும் சோதனை மாத்திரையோ இவை அனைத்தையும் ஒன்றாகவே எண்ணிக் காட்டுகிறது. ஆகவே "கட்டில்லாதது" என்பது வேதியியல்படி உண்மையாகாது. தொட்டியில் இறங்குபவர் அறிய வேண்டியது, கிருமியை எதிர்க்க இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதையே. செலவழிக்க இருக்கும் பணத்தையும் நெல்லையும் நாம் கைவசம் உள்ளது என்கிறோம். கைவசம் இருப்பது முழுவதும் அக்கணமே செலவாவதில்லை என்ற பொருளும் அச்சொல்லில் அடங்கியிருப்பதால், "கைவசக் குளோரின்" என்பதை முன்மொழிகிறேன்.

இதன் இணைச்சொல்லே (ஆங்கிலத்தில் "combined chlorine") எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. வியர்வையும் சிறுநீரும் கொண்டுவரும் அம்மோனியா, யூரியா போன்றவற்றோடு சேர்ந்து குளோரின் குளோரமீன்களாகிறது. கண்ணை எரிக்கும் நெடி பெரும்பாலும் இவற்றினுடையது. எங்கள் தொட்டியில் நால்வர் குளித்த மறுநாள் மூடியைத் திறந்தபோது அந்த நெடி தாக்கியது. குளோரின் மிகுந்துவிட்டது என்று எண்ணி இரண்டு நாள் தூள் இடாமல் விட்டேன். நீர் கலங்கிய பின்னர் சோதித்தால், கைவசம் ஒன்றுமே இல்லை. 38 முதல் 40 பாகை வரையிலான வெப்பத்தில், ஆயிரத்து சில நூறு லிட்டர் நீரில், குளோரின் விரைந்து தீர்ந்துவிடும். தோலில் கொப்புளம் உண்டாக்கும் சூடோமோனாசு, நீர்த்திவலைகள் வழியே நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா ஆகிய பாக்டீரியாக்கள் அத்தகைய நீரில் பெருகும். ஆகையால் நெடி வீசும் குளோரின் வேறு, காக்கும் குளோரின் வேறு என்பதைப் பெயரே உணர்த்த வேண்டும். "பிணைந்த குளோரின்" என்பதில் இந்த வேறுபாடு தெரியவில்லை. வேதியியலில் எல்லாமே பிணைந்தவைதாம். "கட்டுண்ட குளோரின்" என்றால் அது வலுவிழந்து கிடப்பது விளங்கும்.

கிருமிநீக்கத்துக்குப் பின் நீரில் மீந்திருக்கும் குளோரினைக் குடிநீர்த் துறையினர் "எஞ்சிய குளோரின்" என்பர்; அதை இச்சொற்களோடு கலக்க வேண்டாம். தூள் பொதியில் குறிக்கப்படும் விழுக்காட்டுக்குப் "பயன்தகு குளோரின்" போதும்.

மூன்றாவது சொல், குளோரமீன்களைச் சிதைக்க ஒரே தடவையில் மிகுதியாகக் குளோரின் இடும் செயலுக்கானது. ஆங்கில "shock" என்பதன் நேர்பெயர்ப்பான "அதிர்ச்சியூட்டல்" என்பதை நான் உறுதியாக எதிர்க்கிறேன்: மின்விசையால் இயங்கும் தொட்டியருகே அதைப் படிப்பவர் மின்னதிர்ச்சியை எண்ணி அஞ்சுவார். மேலும், சிறிதளவு இட்டால் குளோரமீன் கூடுமேயன்றிக் குறையாது. ஓர் எல்லையைத் தாண்டினால்தான் அது சிதையும். கட்டுண்டதன் கட்டை அறுப்பதால் "கட்டறுப்பு" என்றும், அந்த எல்லையைக் "கட்டறு நிலை" என்றும் சொல்லலாம்.

கையேட்டில் இவ்வாறு எழுதிப் பார்த்திருக்கிறேன்: "முதல் மாத்திரை காட்டும் இளஞ்சிவப்பின் அளவு கைவசக் குளோரின், அது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. அடுத்த மாத்திரை மொத்தக் குளோரினைக் காட்டும். மொத்தத்திலிருந்து கைவசத்தைக் கழித்தால் வருவது கட்டுண்ட குளோரின். கட்டறுப்புக்கு அதன் பத்து மடங்கு குளோரின் இடுக. கைவச அளவு வழக்கமான நிலைக்கு இறங்கும்வரை எவரும் தொட்டியில் இறங்க வேண்டாம்."

இலங்கைப் பாடநூல்களில் பயின்றவர்கள் "குளோரீன்" என்றே எழுதுவார்கள். அந்த எழுத்துவேறுபாட்டை அப்படியே விட்டுவிட்டு, முன்னொட்டுகளை மட்டும் முடிவுசெய்யலாமா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.