தனியாகக் காரில் வைகை அணைக்கு: சிக்னலில் சூடேறும் வண்டி கணவாய் ஏறுமா?

கேள்வி: கோச்சடைவாசி

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை துணைக்கு யாரும் இல்லாமல் நானே காரை ஓட்டிக்கொண்டு, காலையில் கீழக்குயில்குடி சமணர் மலையைப் பார்த்துவிட்டு, செக்கானூரணி, உசிலம்பட்டி வழியாக ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி வைகை அணைக்குப் போய், அங்கே பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் மதுரை திரும்ப எண்ணியிருக்கிறேன். வண்டி பழைய பெட்ரோல் கார். சென்ற வாரம் காளவாசல் சிக்னலில் ஏசியுடன் நின்றபோது வெப்பமுள் சிவப்புக் கோட்டருகே போய்விட்டது. பைபாஸ் சாலையில் ஓடத் தொடங்கியதும் தானாகவே நடுவுக்கு இறங்கியது. கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறையவில்லை. பணிமனை ஒன்றில் காட்டியபோது ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் வால்வு) மூன்றையும் மாற்றச் சொன்னார்களே தவிர, எது பழுது என்று சொல்லவில்லை. இந்த நிலையில் கணவாய் ஏறலாமா? வழியில் தவறவிடக்கூடாத இடங்களையும் சாப்பாட்டையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஸ்பேனர்

அம்மா, மூன்றையும் மாற்றுவதற்கு முன் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும்; நிற்கும்போது அந்த வேலை முழுவதும் ஃபேனின் தலையில் விழுகிறது. நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிற முள் பெரும்பாலும் ஃபேனைத்தான் காட்டிக்கொடுக்கிறது. இதற்கு மாறாக, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது சூடேறினால்தான் அடைபட்ட ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த பம்ப் ஆகியவற்றின் மேல் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சோதிப்பது எளிது. வண்டியை நிறுத்தியபடியே எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சற்று நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே (ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), பிறகு மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றில் ஃபியூஸும் ரிலேயும் மிக மலிவானவை. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையத்தையும் கவனியுங்கள். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. வளையம் வெடித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் அந்த மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். மதுரைப் பக்கத்து போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே உப்புப் படிந்த ரேடியேட்டர்களை நிறையக் கழற்றியிருக்கிறேன். காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் கலந்தே ஊற்றுங்கள். ஃபேன் சரியாகும்வரை கணவாய்ப் பக்கம் போக வேண்டாம்.

பதில்: நாகமலைக்காரன்

ஸ்பேனர் ஐயா சொன்ன காரணத்தை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கணவாயைக் குறித்து இவ்வளவு அச்சம் தேவையில்லை. கொடைக்கானல் மலைப்பாதையைப் போல அது நீண்ட ஏற்றம் இல்லை. ஃபேன் ஓடாத வண்டிக்கு உசிலம்பட்டிக் கடைவீதியில் பேருந்துகளுக்குப் பின்னால் ஊர்ந்து போவதுதான் பெரிய சோதனை.

சமணர் மலைக்கு வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள். அடிவாரத்தில் அய்யனார் கோவிலும் தாமரைக்குளமும் ஆலமரமும் இருக்கின்றன. பலரும் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம். செட்டிப்புடவு என்னும் குகைப் பக்கம் அமர்ந்த கோலத்தில் தீர்த்தங்கரர் (சமண சமயத்தின் பெருங்குரு) ஒருவரின் பெரிய சிற்பம் இருக்கிறது. ஊரார் அவரைச் செட்டியார் என்றே சொல்வதால் அந்த இடத்துக்கும் அப்பெயர் வந்தது. பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் சுனைக்கு அருகே தீர்த்தங்கரர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதையும், அவற்றின் கீழே சிற்பங்களைச் செய்வித்தவர்களைக் குறிக்கும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டுகளையும் காணலாம். இவை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. மேலே கடை எதுவும் கிடையாது, தண்ணீர் கொண்டு போங்கள்.

வண்டி அதற்குள் சரியாகவில்லையென்றால் திசையை மாற்றி மேலூர் சாலையில் போகலாம். சமதளமான நான்குவழிச் சாலை. ஒத்தக்கடையில் திரும்பினால் யானைமலை அடிவாரத்தில் நரசிங்கம். பாண்டியரின் அமைச்சர் மாறன்காரி கி.பி. 770இல் குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோவில் அங்கே இருக்கிறது. இன்னும் போனால் அரிட்டாபட்டி. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட ஊர். குடைவரைச் சிவன் கோவில், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சமணச் சிற்பம் மூன்றும் ஒரே ஊரில் கிடைக்கின்றன. இரவு மதுரைக்குள் வந்து கறிதோசை சாப்பிடுங்கள். தோசை, முட்டை, கொத்துக்கறி என்று அடுக்கி வருவதால் ஒன்றுக்கு மேல் கேட்பதற்கு முன் யோசிக்கவும்.

பதில்: தேனிப் பெண்

தேனிக்கும் மதுரைக்கும் நானும் தனியாகத்தான் ஓட்டி வருகிறேன், அக்கா. முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுவதுமாகத் திருப்பிவிடுங்கள். எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதி உள்ளே வந்துவிடும். வேர்த்துக் கொட்டும், ஆனாலும் பாதுகாப்பாக ஓரம் கட்டும்வரை அது கைகொடுக்கும். அப்படியும் முள் சிவப்பைத் தொட்டால் இடம் பார்த்து நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஆண்டிபட்டி போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தொடர்ந்து ஓட்டினால் எஞ்சினுக்குள் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போய்விடும், செலவு பல மடங்காகும். கணவாய் வளைவில் நிறுத்தாமல், கடையோ ஆள் நடமாட்டமோ உள்ள இடத்தில் நிறுத்துங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அவசரத்துக்கு 112.

அணையைப் பற்றி ஒரு சொல். 1959இல் திறக்கப்பட்ட அணை. நீர்மட்டம் 71 அடியை நெருங்கும் பருவத்தில் பார்ப்பதே அழகு. வற்றிய கோடையில் போனால் பூங்காவும் மீனும்தான் மிச்சம். மீனை எடுத்துக் காட்டச் சொல்லி, கண் முன்னே பொரித்து வாங்குங்கள்.

கோச்சடைவாசி

மூவருக்கும் நன்றி. ஏசியைப் போட்டும் ஃபேன் அசையவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ரிலேயை மாற்றியும் பயனில்லை. வேறொரு மெக்கானிக் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தார், அப்போதும் சுற்றவில்லை. மோட்டார் மட்டுமே மாற்ற வேண்டும், திங்கட்கிழமைதான் வரும் என்கிறார். எனவே அணை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. இந்த ஞாயிறு விடியற்காலையில், நெரிசல் தொடங்கும் முன்பே, ஏசி இல்லாமல் நரசிங்கமும் அரிட்டாபட்டியும். அரிட்டாபட்டிக் குடைவரைக் கோவில் பூட்டியிருந்தால் சாவிக்கு ஊருக்குள் யாரைக் கேட்க வேண்டும் என்று நாகமலைக்காரர் சொல்ல முடியுமா?