வீட்டில் செய்த ஆட்டக் காய்கள்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

சென்னிமலையிலிருந்து

ஸ்ப்ளெண்டர் ஆடுகிறவர்களுக்குத் தெரியும், பெட்டியோடு வரும் வில்லைகளே நல்ல கனம். ரத்தினக் கற்களைக் குறிக்கும் வில்லைகளைச் சேர்த்து, அவற்றைக் கொடுத்து அட்டைகளை வாங்குகிற மேசை ஆட்டம்; மார்க் ஆந்த்ரே உருவாக்கி 2014-இல் வெளிவந்தது. மரகதம், நீலம், மாணிக்கம், வைரம், கறுப்பு ஓனிக்ஸ் ஆகிய ஐந்திலும் ஏழேழு; எந்தக் கல்லுக்கும் ஈடாக நிற்கும் தங்கம் ஐந்து; ஆக மொத்தம் 40. பிறகு எதற்கு மெனக்கெட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும் என்று கேட்டால், எங்கள் வீட்டில் அதற்குக் காரணம் என் மாமா.

மாமாவுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறவியிலிருந்தே அப்படித்தான். தறி ஓட்டிய காலத்தில் நூல் கண்டுகளில் சீட்டு ஒட்டிவைத்துச் சமாளித்தவர். கணக்கில் புலி. எந்த அட்டையை எப்போது வாங்கினால் எது மலிவாகும் என்று நான்கு சுற்று முன்னாலேயே யோசித்துவிடுவார். ஆனால் ஒவ்வொரு முறையும் வில்லையைத் தூக்கிப் பிடித்து, “கண்ணு, இது மாணிக்கமா, மரகதமா?” என்று கேட்டாக வேண்டும். கேட்ட மாத்திரத்தில் அவர் எதைச் சேர்க்கிறார் என்பது மேசையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்துபோகும். எனக்கு அது பொறுக்கவில்லை. கணக்கில் தோற்றால் தோற்கட்டும், கண்ணால் தோற்கக் கூடாது. நிறத்தை நம்பாமல் விரலே கண்டுபிடிக்கிற மாதிரி ஐந்து வடிவங்களில் காய்கள் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கல் வேண்டுமென்றால் எங்களுக்குக் காங்கேயம் பக்கம்தானே. பட்டை தீட்டும் பட்டறை ஒன்றில் வயதான தொழிலாளி ஒருவர் சந்திரகாந்தக் கல்லைக் குச்சி முனையில் அரக்கு வைத்து ஒட்டி, சுழலும் தட்டில் அழுத்திக்கொண்டிருந்தார். மோதிரத்துக்கா, தோட்டுக்கா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை. தட்டை நிறுத்திவிட்டு, கழிவுக் கற்கள் கிடந்த டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெதுவாக உருட்டினார். பிறகு இன்னொன்று. அப்புறம் கண்ணைத் திறந்து அவர் சொன்னதுதான் இந்த வேலை முழுவதற்கும் எனக்குப் பாடம்: முகம் முகமாகப் பட்டை தீட்டிய கல் விளையாட்டுக்கு ஆகாது. கண்ணுக்கு மின்னும், விரலுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். கூர்விளிம்பு அட்டையையும் கீறிவிடும். மேலே குவிந்து வழவழவென்று, அடியில் தட்டையாக இருக்க வேண்டும். வட்டத்துக்கும் முட்டை வடிவத்துக்கும் வித்தியாசம் வேண்டுமென்றால் முட்டையை நன்றாக நீட்டிவிட வேண்டும். கொஞ்சம் நீட்டினால் விரல் ஏமாந்துபோகும்.

அவர் சொன்னபடியே செய்தோம். வைரத்துக்குப் படிகம், வட்டம். மாணிக்கத்துக்குச் சூதுபவளம் என்ற சிவப்புக் கல், நீண்ட முட்டை. கறுப்புக்குச் சதுரம். மரகதத்துக்கும் நீலத்துக்கும் கல் விலை கட்டுப்படியாகாது என்று அவரே கண்ணாடியை எடுத்துக்கொடுத்தார். பச்சை முக்கோணம், நீலம் கண்ணீர்த்துளி. ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டருக்குள்தான். ஆட்டத்தில் ஒருவர் பத்துக் காய்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அந்தப் பத்தும் ஓர் உள்ளங்கையில் அடங்கும் அளவு. தங்கத்துக்கு லேத் பட்டறையில் பித்தளைக் கம்பியை வில்லை வில்லையாக நறுக்கி வாங்கினேன். விளிம்புப் பிசிறை நானே 220, 400 எண் உப்புத்தாளில் தேய்த்தேன்.

காயை மட்டும் மாற்றினால் போதாது. அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, விலை குறித்திருக்கும் இடத்தின் பக்கத்தில் உறையின் மேலேயே அழியாத மையால் அந்தந்த வடிவத்தைச் சின்னதாக வரைந்துவிட்டோம். இப்போது மாமா யாரையும் எதுவும் கேட்பதில்லை. குவியலில் கையை விட்டுத் தடவி எடுத்துக்கொள்கிறார்.

நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணல் எங்கள் ஊருக்குப் பக்கம். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்வது அந்த ஊரைத்தான் என்கிறார்கள் அறிஞர்கள். அங்கே அகழாய்வில் படிகமும் சூதுபவளமும் மூலக்கல்லாக, பாதி துளையிட்ட மணியாக, முடிந்த மணியாக என எல்லா நிலையிலும் கிடைத்திருக்கின்றன. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ரத்தின வணிகர்களைப் பற்றிய ஆட்டத்துக்கு இந்த மண்ணின் தொழிலாளி கையால் காய் செய்து வாங்கியதில் எனக்கு அளவில்லாத பெருமை.

பொள்ளாச்சியிலிருந்து

விரலுக்கு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லத் தோன்றியது. எங்களுடையது அக்ரிகோலா, 2007-இல் வந்த ஊவே ரோசன்பெர்க்கின் பண்ணை ஆட்டம். பழைய பதிப்பு. அதில் ஆடு வெள்ளைக் கட்டை, காட்டுப்பன்றி கறுப்புக் கட்டை, மாடு பழுப்புக் கட்டை. காலமெல்லாம் பட்டியும் கட்டுத்தறியுமாக வாழ்ந்த எங்கள் அப்புச்சியிடம், அதாவது அம்மாவின் அப்பாவிடம், ஒரு சதுரக் கட்டையை நீட்டி இதுதான் ஆடு என்றால் அவர் எப்படி ஒப்புக்கொள்வார்?

அதனால் தச்சரிடம் மீந்துகிடந்த தேக்குத் துண்டுகளை வாங்கி, வளைவாக அறுக்கும் சின்ன ரம்பத்தால் உருவங்களை வெட்டினேன். அப்புச்சி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். திமில் இன்னும் உயர வேண்டும், கொம்பு பின்னால் சாய்ந்து வளைய வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் திருத்தினார். காங்கேயம் காளையை மயிலை நிறத்தில்தான் தீட்ட வேண்டும் என்று முதலில் பிடிவாதம். சாம்பல் பூசினால் ஆட்டத்தில் மாட்டுக்குரிய பழுப்பு போய்விடும் என்றேன். சற்று நேரம் யோசித்தார். கன்று பிறக்கும்போது செவலையாகத்தானே இருக்கிறது, ஆறு மாதம் கழித்துத்தானே நிறம் மாறுகிறது, செவலை மாடும் நம் இனத்தில் உண்டே என்று அவரே வழி சொல்லிவிட்டார். மாடு பழுப்பாகவே இருந்தது. ஆட்டத்தின் விதியும் கெடவில்லை.

ஆட்டில்தான் நீண்ட விவாதம். எனக்கு மேச்சேரி ஆடு பிடிக்கும், ஆனால் அது செம்பழுப்பு, மாட்டோடு கலந்துவிடும். கடைசியில் வெள்ளை உடம்புக் குரும்பை ஆடுதான் என்று முடிவானது. அங்கங்கே ஒரு கரும்புள்ளி மட்டும் வைத்தேன். ஒரு கை தூரத்தில் பார்த்தால் வெள்ளை, பக்கத்தில் பார்த்தால் குரும்பை. ஊர்ப்பாசத்தில் நிறத்தை மாற்றிவிடாதீர்கள் என்பதுதான் என் கருத்து. மேசைக்கு எதிரில் இருப்பவர் எட்டிப் பார்த்தாலே உங்கள் பட்டியில் எத்தனை ஆடு என்று தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் எவ்வளவு அழகான காயும் வீண்.

காய்கறி வில்லைகளுக்கு நெற்றுத் தேங்காய்ச் சிரட்டை. சிரட்டை வளைவானது என்பதால் பெரிய வட்டம் எடுத்தால் மேசையில் ஆடும். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். துளையிடும் மெஷினில் வட்ட ரம்பம் மாட்டி அறுக்க வேண்டும். அந்தத் தூள் மாவு போலப் பறக்கும், முகக்கவசம் இல்லாமல் உட்காராதீர்கள். தேய்த்து முடித்ததும் துளி தேங்காய் எண்ணெய் தடவி, ஒரு நாள் விட்டுத் துடைத்தால் போதும். ஒரு பக்கம் மட்டும் ஆரஞ்சுச் சாயம். ஆட்டத்தில் வரும் நாணலுக்குக் கரூர்க் கோரைப் பாயின் ஓரத்தை நறுக்கி நூலால் கட்டி, முனைகளில் வெள்ளைப் பசை தொட்டேன். பசை தொடாவிட்டால் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

ஒரே இனத்தில் இரண்டு இருந்தால் அறுவடைக்கு அறுவடை ஒரு குட்டி வரும் அல்லவா? ஆட்டத்தில் ஆறு அறுவடை. அந்த ஆறு தடவையும் குட்டியை எடுத்துப் பட்டியில் வைப்பது அப்புச்சியின் உரிமை, வேறு யாரும் தொடக் கூடாது.

ஈரோட்டிலிருந்து

இருவரும் நன்றாகச் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்த பொருள்களைப் பற்றி மட்டும் கொஞ்சம்.

எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்கும் தங்கக் காய் என்றவுடன் மஞ்சள் நினைவுக்கு வரும். குண்டு மஞ்சளை மெருகேற்றி வைத்தால் பார்க்க உண்மையிலேயே அழகுதான். ஆனால் அட்டை ஓரமெல்லாம் மஞ்சளாகிவிடும், வண்டு விழும், ஜன்னல் ஓரம் வைத்தால் வெயிலில் நிறம் வெளுத்துவிடும். பித்தளையே சரி.

குன்றிமணியை யாரும் தொட வேண்டாம். சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும், பழைய காலத்தில் பொன் எடைபோட்டதும் அதில்தான். ஆனால் உள்ளே இருப்பது கொடிய நஞ்சு. மேலோடு உடைந்த விதையைக் குழந்தை கடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. துளையிடும்போது கிளம்பும் தூளும் ஆகாது. புளியங்கொட்டை இருக்கவே இருக்கிறது, துணியில் போட்டு அழுத்தித் தேய்த்தால் பளபளவென்று ஆகிறது.

பாலிமர் களிமண்ணில் செய்கிறவர்கள் பாக்கெட்டில் போட்டிருக்கும் சூட்டைத் தாண்டாதீர்கள். பெரும்பாலும் 110 முதல் 130 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். கருகினால் வரும் புகை நெஞ்சை எரிக்கும். அதற்குப் பயன்படுத்திய தட்டில் மறுபடி சமைக்கவும் வேண்டாம். சுடாத களிமண்ணைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் சில டப்பாக்கள் இளகி ஒட்டிக்கொள்ளும், கண்ணாடிப் பாட்டில்தான் நல்லது.

சென்னிமலைக்காரருக்கு ஒரு யோசனை. கல் காய்களைப் பழைய பெட்டியில் திணிக்காதீர்கள், மூடி எழும்பிக்கொள்ளும். ஏழு கிண்ணம் வைத்த எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டி ஒன்று வாங்கி, கிண்ணங்களின் அடியில் வெல்வெட் துணி ஒட்டிவிடுங்கள். ஐந்து கல், ஒரு தங்கம், ஆறு கிண்ணம் ஆயிற்று. ஏழாவதில் ஒவ்வொரு வடிவத்திலும் ஒன்று உபரியாகப் போட்டுவையுங்கள். அந்தப் பெரியவர் பட்டறையில் இருக்கும்போதே அவர் கையாலேயே செய்து வாங்கிவிடுங்கள். வேறொருவர் தீட்டினால் அதே வடிவம் விரலுக்கு வேறாகத் தெரியும்.