மறு: ‘பிளெய்ன் லாங்குவேஜ்’ – எளிய மொழியா, தெளிமொழியா?

அன்புள்ள குழுவினருக்கு,

தேர்தல் அறிக்கை, அரசு அறிவிப்பு பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் ‘பிளெய்ன் லாங்குவேஜ்’ (பொது வாசகருக்குப் புரியும்படி எழுதும் முறை) என வருவதை மொழிபெயர்க்கும்போது இதுவரை ‘எளிய மொழி’ என்றே எழுதி வருகிறோம். ஜெர்மனி பற்றி எழுதும்போது இது இடிக்கிறது. அங்கே பொது வாசகருக்கானது ‘ஐன்ஃபஹெ ஷ்ப்ராஹெ’. ‘லைஷ்டெ ஷ்ப்ராஹெ’ வேறு; அறிவுசார் மாற்றுத்திறனாளிகளை முதன்மையாகக் கருதி உருவானது. வாக்கியத்துக்கு ஒரு செய்திதான். நீண்ட கூட்டுச்சொல்லைச் சிறுகோடோ நடுப்புள்ளியோ இட்டுப் பிரிப்பார்கள். கட்சிகள் தேர்தல் அறிக்கையை இந்த நடையில் தனியாகவும் வெளியிடுகின்றன. இரண்டையும் ‘எளிய மொழி’ என்றால் வாசகர் குழம்புவார். முதலாவதற்குத் ‘தெளிமொழி’, அடுத்ததற்கு ‘எளிமொழி’ என்பது என் முன்மொழிவு.

---

வணக்கம் ஐயா. ‘தெளிமொழி’ எனக்கு முழுச் சம்மதம். எளிமை வேறு, தெளிவு வேறு. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

“தகுதியுடைய பயனாளிகளுக்கு உதவித்தொகை வழங்கிட ஆவன செய்யப்படும்.”

சொற்களை மட்டும் மாற்றினால், “தகுதி உள்ளவர்களுக்குப் பணம் கொடுக்க ஏற்பாடு செய்யப்படும்” என்றாகும். சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் யார் கொடுப்பார்கள், எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து, தகுதி என்பது என்ன? ‘செய்யப்படும்’ என்ற வினை செய்பவரை மறைத்துவிடுகிறது. அதை விட்டுவிட்டு அருஞ்சொல்லை மட்டும் களைவது வீண்வேலை.

ஸ்காட்லாந்து 2014 வாக்கெடுப்பும் இதே பாடம்தான். “ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டும் என்பதை ஏற்கிறீர்களா?” என்றுதான் அரசு முதலில் கேள்வி வைத்தது. கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் ‘ஏற்கிறீர்களா’ என்பது ‘ஆம்’ பக்கம் சாய்க்கிறது என்று தேர்தல் ஆணையம் சோதித்துச் சொன்னது. “ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா?” என்று மாற்றினார்கள்.

‘பிளெய்ன் லாங்குவேஜ்’ எழுத்துக்கென 2023இல் வந்த ஐஎஸ்ஓ 24495-1 என்ற பன்னாட்டுத் தரமும் சொல்லின் எளிமையோடு நிற்கவில்லை: வாசகருக்கு வேண்டியது இருக்க வேண்டும், தேடினால் கிடைக்க வேண்டும், புரிய வேண்டும், பயன்பட வேண்டும்.

‘தெளிமொழி’ வினைத்தொகை என்பதால் ‘தெளிவுமொழி’யைவிட நாவுக்கு இதம். தெளிமொழியாக்கம், தெளிமொழியாளர் என்று கிளைக்கவும் செய்யும்.

---

ஐயா, அம்மா, இருவருக்கும் வணக்கம். ‘தெளிமொழி’ இருக்கட்டும். ‘எளிமொழி’யில் எனக்குத் தயக்கம் உண்டு. ‘எளியவர்’ என்றால் வறியவர், வலிமையற்றவர் என்ற பொருள் உடனே ஒட்டிக்கொள்கிறது. மாற்றுத்திறனாளி வாசகருக்கான நடைக்கு அந்த நிழல் விழ வேண்டாம். அதோடு, எளிமொழி – தெளிமொழி என்ற எதுகை காதுக்கு அழகுதான். மேடையில் வேகமாகச் சொன்னால் ஒன்று மற்றதாகக் கேட்கும்.

‘இலகுமொழி’ என்று வைக்கலாமா? ‘லைஷ்ட்’ என்ற ஜெர்மன் சொல்லுக்குக் கனமற்றது, சுலபமானது என இரண்டு பொருள். இலகுவுக்கும் அதே இரண்டு. ஈழத்தில் அன்றாடம் புழங்கும் சொல்; இங்கும் யாரும் அகராதி புரட்ட வேண்டியதில்லை.

நம் கலைச்சொல் பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன், மறுப்பு இருந்தால் எழுதுங்கள்:

தெளிமொழி – பொது வாசகர் தேடியதைக் கண்டு, புரிந்து, பயன்படுத்த முடியும்படி எழுதும் முறை.
இலகுமொழி – வாசிப்பில் இடர்ப்பாடு உள்ளோருக்காக வகுத்த விதிகளின்படி எழுதும் நடை.